கத்திக்கல்லுக்கு அந்தப் பக்கம்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலை மலையில் ஒரு கல் இருக்கிறது. இடுப்பளவுகூட உயரமில்லை. பணிய லயத்துக்கு, அதாவது கீழே இருக்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறங்கும் குறுக்குப் பாதையோரம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதி புதைந்து நிற்கிறது. மேல்பக்கம் தட்டை. அதில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு வெட்டியிருக்கிறார்கள். பாசி மூடியிருப்பதால் விரலால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். விளிம்பில் ஐந்தாறு இடங்களில் கல் வழவழவென்று குழிந்து கிடக்கும். செடிகளை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து நேரத்தில் ஆள்கள் கத்தி தீட்டித் தீட்டித் தேய்ந்த தடங்கள் அவை. எல்லாத் தடமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, கடைசியில் இருக்கிற ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் குழிகளுக்குள் விரலை விட்டு இழுத்துக்கொண்டே போவோம். மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கி நிற்கும்.

அதற்குக் கத்திக்கல் என்று பேர். அது தோட்டத்து எல்லைக்கல் என்றோ, அந்த இடத்தில் தோட்டத்து எல்லையும் மாவட்ட எல்லையும் சேர்ந்தே போகின்றன என்றோ எனக்கு முப்பத்தெட்டு வயது வரை தெரியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் பதுளை மாவட்டம், ஊவா மாகாணம். அந்தப் பக்கம் நுவரெலியா மாவட்டம், மத்திய மாகாணம். அம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடப் போய்த்தான் இதெல்லாம் தெரிந்தது. அப்படி ஆரம்பித்தவள் நாலு வருஷமாக எங்கள் ஊர்க் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து கொப்பி நிறைந்துவிட்டது. தங்கள் ஊரைப் பற்றி எழுத நினைக்கிற யாருக்காவது என் அனுபவம் உதவட்டும் என்று இதைச் சொல்கிறேன். தோட்டத்தின் பேரைப் போடவில்லை. நான் சொல்லப் போகிறவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் பதுளை பஸ் ஏறினால், சீத்தாஎலிய அம்மன் கோயிலைத் தாண்டி, ஹக்கலப் பூங்காவைத் தாண்டியதும் ரோடு இறங்க ஆரம்பிக்கும். ஹக்கலயில் பாதி நாள் மூடுபனிதான். எதிரே வரும் லொறியின் லைட் மட்டும் மங்கலாகத் தெரியும். அப்புறம் சில வளைவுகள். திடீரென்று பனி விலகி, வெயில் கண்ணைக் கூசும். கீழே மரக்கறிப் பாத்திகள், உருளைக்கிழங்கு, போஞ்சி, இன்னும் கீழே வெலிமடைப் பக்கத்து வயல்கள். ஹக்கலயில் கழுத்து வரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கெப்பெட்டிப்பொலயில் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பனி விலகுகிற இடத்துக்குப் பக்கத்து மேட்டில்தான் எங்கள் லயங்கள்.

மாவட்ட எல்லை கடதாசியில் இருக்கிறது. வானத்து எல்லை கண்ணுக்கே தெரியும். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது நுவரெலியாப் பக்கம் நனைந்துகொண்டே இருக்கும். அந்த மழையை மலை வாங்கிக்கொள்வதால், இந்தப் பக்கம் இறங்குவது வெறும் காய்ந்த காற்று. நாங்கள் கச்சான் காற்று என்போம். கூரைத் தகரம் ராத்திரியெல்லாம் அடித்துக்கொள்ளும், உதடு வெடிக்கும், கொழுந்து குறையும். ஆனால் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்த ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில்தான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். மேட்டுப் பக்கத்து நுவரெலியாத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே மலையின் இரண்டு முதுகிலும் வேலையும் பஞ்சமும் மாறி மாறி வருவதால், சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கல்யாண சம்பந்தம் எல்லையைத் தாண்டியே நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று பெரியாயி (அப்பாவின் மூத்த அண்ணன் மனைவி) சொல்வார். "ரெண்டு பக்கமும் ஆளு இருந்தா ஒரு பக்கமாச்சும் சோறு இருக்கும்."

இனி அம்மாவின் கதை. நான் வெலிமடை டவுனில் போட்டோகாப்பி எடுத்து, படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். ஊரில் உள்ளவர்களின் சான்றிதழ்ப் பிரச்சினை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அப்படியிருந்தும் சொந்த அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அவருடைய சேமலாப நிதி நின்றுபோயிருந்தது. அடையாள அட்டையில் ஒரு வயது, தோட்டத்துப் பதிவில் ஒரு வயது. பெண்களுக்கு ஐம்பது வயதானால் எடுக்கக்கூடிய காசு அது. அம்மாவுக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது.

"பதுளைப் பக்கந்தான் பொறந்தேன்" என்று அம்மா அடித்துச் சொல்வார். அதனால் பதுளை மாவட்டத்தில் தேடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். பதிவு இல்லை என்று வந்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி இல்லை. மூன்றாவது தடவை போனபோது அலுவலகத்தில் ஒருவர், இப்படிப்பட்டவர்களுக்குப் பதிவே இருக்காது, உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போங்கள் என்றார். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்துவிட்டது. பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் ஒருத்தி நாற்பது வருஷம் கொழுந்து பறித்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் மனசு கேட்குமா?

அன்று சாயங்காலம் பெரியாயி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியாயிக்கு வயது எண்பதுக்கு மேல். வெற்றிலையை மென்றுகொண்டே, "ஒங்கம்மா வாக்கப்பட்டு வந்தவ தானடி. அவ பொறந்தது கத்திக்கல்லுக்கு அங்கிட்டு. அங்கிட்டுப் பணிய லயத்துல, நாலாவது காம்பிரா. அந்த லயம் இப்ப இல்ல, மண்ணு சரிஞ்சு போச்சு" என்றார்.

காம்பிரா என்றால் லயத்தில் ஒரு வீட்டு அறை. கல்லிலிருந்து அந்த லயம் இருந்த இடம் கூப்பிடு தூரம். அம்மாவுக்கு எல்லாமே ஒரே ஊர்தான். சந்தைக்கு வெலிமடை, வேண்டுதலுக்கு இந்தப் பக்கத்து முனியாண்டி. அதனால் பதுளைப் பக்கம் என்றார். பொய் ஒன்றுமில்லை.

இதில் நான் கற்றதை இப்போது கடைக்கு வரும் எல்லாரிடமும் செய்கிறேன். எந்த மாவட்டத்தில் பிறந்தீர்கள் என்று கேட்பதே இல்லை. எந்த லயம், எந்தப் பீலியில் தண்ணீர் எடுத்தீர்கள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம் எங்கே இருந்தது, எந்த டிஸ்பென்சரிக்குப் போவீர்கள், இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்கிறேன். மாவட்டமும் பிரிவும் தன்னால் வந்துவிடும்.

ஊர்க்கதை கேட்கவும் இதே வழிதான் சரிப்பட்டு வந்தது. ஆரம்பத்தில் போனை நீட்டி, "நம்ம ஊர் வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று கேட்டேன். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, கோயில் திருவிழா நோட்டீசில் இருப்பதைச் சொன்னார்கள். வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் அது தங்களைப் பற்றியது அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். "விறகுக்கு எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினார்கள். எந்த மேட்டில் சிறுத்தைப் புலியைப் பார்த்தார்கள், யார் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது, எந்தத் துரை (தோட்ட நிர்வாகி) காலத்தில் காட்டுக்குள் போகக் கூடாது என்று காவல் போட்டார்கள், எல்லாம் விறகுப் பாதையிலேயே வந்துவிட்டது. பெண்களிடம் பேச மத்தியானத்துக்கு மேல் போகக் கூடாது. கொழுந்து நிறுத்து வந்து அடுப்பு மூட்டும் நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் பீலியடியில் போய் நாமும் நாலு துணியைக் கொண்டுபோய் உட்கார்ந்தால் நன்றாகப் பேசுவார்கள்.

மலைகளின் பேர்களை அப்படித்தான் சேகரித்தேன். கொம்பனிக் கணக்கில் தேயிலை மலைகளுக்கு வெறும் நம்பர்தான். ஆள்கள் வாயில் பேர் இருக்கிறது. பங்களா மலை, சவுக்கு மலை, பொணக்காட்டு மலை, கோயில் மலை. அதில் ஒன்று கொயினா மலை. கொயினா என்றால் என்ன என்று கேட்டால் "கசப்பு மருந்து" என்பார்கள், அதற்கு மேல் தெரியாது. அந்த மலையில் அப்படி ஒரு மரமும் இல்லை. ஆனால் கொயினா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் 1861இல் ஹக்கலப் பூங்காவையே ஆரம்பித்தார்கள். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் படுத்தபோது, துரைமார் பலர் சிங்கோனாவை நட்டார்கள். எல்லாரும் நட்டதால் பட்டையின் விலை விழுந்தது. பிடுங்கிவிட்டுத் தேயிலை போட்டார்கள். அந்தச் சில வருஷக் கதைக்கு எங்கள் ஊரில் இருக்கிற ஒரே சாட்சி ஒரு மலையின் பேர்தான். அந்தப் பேரைச் சொல்கிறவர்கள் இன்றைக்கு இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் நம்பர் ஏழு என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு இதில் பெரிய கவலை உண்டு. யாருக்காவது தங்கள் ஊரில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், முதலில் மலைப் பேர்களையும் பீலிப் பேர்களையும் எழுதி வைக்கச் சொல்வேன்.

தோட்டத்தின் பேரும் இப்படித்தான். ஏறக்குறைய எல்லாத் தோட்டத்துக்கும் இரண்டு பேர் இருக்கிறது. துரைமார் ஊர்ப் பேரை வைத்து எழுதிய இங்கிலீஷ் பேர் ஒன்று, நம் ஆள்கள் கூப்பிடும் தமிழ்ப் பேர் ஒன்று. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. பழைய பதிவுப் புத்தகங்களில் இருப்பது இங்கிலீஷ் பேர். தாத்தா பாட்டி சொல்வது தமிழ்ப் பேர். தேடல் படிவத்தில் தமிழ்ப் பேரை எழுதினால் எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. நான் முதல் இரண்டு தடவையும் அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் செய்திருந்தேன்.

சரி, கல்லுக்கு அந்தப் பக்கத்துப் பிரிவின் இங்கிலீஷ் பேரை எங்கே தேடுவது? அந்தப் பிரிவை எப்போதோ வேறு தோட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, 1992இல் கொம்பனிகளுக்குக் கொடுத்து, நடுவில் பல பிரிவுகள் கைமாறிவிட்டன. வழி தமிழ்நாட்டுக் கூடலூரில் இருந்து வந்தது.

அம்மாவோடு பிறந்தவர்கள் எல்லாரும் இந்தியாவில். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகிப் போன சனத்தை இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து எண்ணிக்கையாகப் பங்கு போட்டதுதான் அது. அப்பா வீட்டுக்கு இலங்கை கிடைத்தது, அம்மாவைப் பெற்றவர்களுக்கு இந்தியா. அம்மா கல்யாணமாகி இரண்டாவது வருஷம், தாத்தா அம்மாயி, மாமா, சித்தி எல்லாரும் தகரப் பெட்டியோடு கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போய், கப்பலில் ராமேஸ்வரம் போனார்கள். நானுஓயா ஸ்டேஷன் வரை போன அம்மா, கோச்சி போன பிறகும் எழுந்திருக்கவில்லையாம். அப்பா தூக்கிக்கொண்டு வந்தார் என்று பெரியாயி சொல்வார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்களில்தான் தாத்தாவுக்கு மறுபடி கவ்வாத்து வேலை கிடைத்தது. மலையும் தேயிலையும் மாறவில்லை, நாடுதான் மாறியது.

மாமாவோடு வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்கள் ஊரைப் பற்றி எங்களைவிட அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே இருப்பவர்களுக்குப் பழைய லயத்தின் மேல் புது வீடு வந்துவிட்டது, பாதை மாறிவிட்டது, ஞாபகத்தின் மேல் ஞாபகம் ஏறிவிட்டது. அவர் பதினாறு வயதில் விட்டுவிட்டுப் போனவர். அவர் கண்ணில் ஊர் அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. எந்தக் காம்பிராவில் யார் இருந்தார்கள், எந்த வீட்டு வாசலில் செவ்வந்தி இருந்தது, பிள்ளை மடுவத்து (பிள்ளைக் காப்பகத்து) ஆயா என்ன கலர் சேலை கட்டுவார் என்று வரிசையாகச் சொல்கிறார். நான் லயத்தைப் படமாக வரைந்து அனுப்ப, அவர் காம்பிரா காம்பிராவாகத் திருத்தி அனுப்பினார். மலையகத்தில் ஊர்க்கதை தேடுகிறவர்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் போன சொந்தக்காரர்களைக் கட்டாயம் கேட்க வேண்டும். அவர்களுக்கும் வயதாகிறது.

ஒருநாள் பேச்சுவாக்கில் மாமா தன் பழைய பாஸ்போர்ட் இன்னும் இருக்கிறது என்றார். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பிறந்த இடம் என்ற வரியில் இங்கிலீஷில் ஒரு தோட்டத்தின் பேர், பக்கத்தில் நுவரெலியா. நாங்கள் கேள்விப்பட்டே இராத பேர். அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர் மாமா. ஒரே காம்பிராவில்.

அதே வாரம் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தின் பிரதி ஒன்று கிடைத்தது. ஒரு மைலை ஒரு அங்குலமாக வரைந்தது. பழைய தோட்டங்களின் பேர் அதில் இருக்கும். பெரிதாக்கி எடுத்துப் பார்த்தேன். எல்லைக்கோடு புள்ளி புள்ளியாக வந்து, மலை முதுகில் ஒரு நெளிவு நெளிந்து, அந்தத் தோட்டத்தின் பேருக்கும் எங்கள் தோட்டத்தின் பேருக்கும் நடுவில் இறங்குகிறது. அந்த நெளிவில் கல் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் வாய்ப்பு இருப்பவர்கள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டைரக்டரியைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், யாருடையது என்று வருஷ வருஷமாக இருக்கும். பிரிவுகள் கைமாறியதை அதில் பிடிக்கலாம். அதில் துரைமார் பேர் இருக்கும், நம் ஆள்கள் பேர் இருக்காது. அதற்கு வாய்தான் வழி.

கல்லின் இன்னொரு பாதிக் கதை நாட்டுப் பக்கத்தில் இருந்தது. கெப்பெட்டிப்பொலப் பக்கம் இறங்கினால் சிங்கள ஊர்கள். அந்த ஊருக்குப் பேர் தந்தவர் 1817-18 கிளர்ச்சியில் வெள்ளைக்காரருக்கு எதிராகச் சேர்ந்து, கண்டியில் தலை வெட்டப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவை, அந்தக் காலத்து மாகாணத் தலைவர். அதே கிளர்ச்சியில் 1817இல் கொல்லப்பட்ட வெள்ளைக்கார அதிகாரியின் பேரால் அந்த இடத்தை வில்சன் ப்ளேன் என்று அழைத்த காலமும் உண்டு. திசாவையின் மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்கு எடுத்துக்கொண்டு போய், 1954இல்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆள்களுக்கு அது மரக்கறி விற்கும் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிற ஊர், அவ்வளவுதான். பக்கத்து ஊரின் பேருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் கொயினா மலையைக் கேட்டதில்லை.

கடைக்கு வரும் ஒரு சிங்கள அக்காவின் தகப்பனாருக்குத் தொண்ணூறு வயது இருக்கும். சீயா (தாத்தா) என்று கூப்பிடுவேன், என்னை துவே (மகளே) என்பார். அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பிளேன் டீயும் கித்துள் கருப்பட்டியும் வைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டேன். சட்டென்று கண் விரிந்தது. அவர்களுக்கு அது கூடை இறக்குகிற கல். சம்பள வாரத்தில் மரக்கறிக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறி வந்து, அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, அப்புறம்தான் லயத்துக்கு வருவார்களாம். தட்டையாக இருப்பது அதற்குத் தோதாக இருந்திருக்கிறது.

அவர் அடுத்துச் சொன்னதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. அரிசியும் மாவும் வெட்டப்பட்டு, மலையகமெங்கும் சனம் செத்த வருஷங்கள். பெரியாயி அந்த வருஷத்தைப் பற்றி முன்பே ஒரு கதை சொல்லியிருந்தார். விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போது சில நாள் கத்திக்கல் மேல் பொடி உருளைக்கிழங்கு குவிந்து கிடக்குமாம். முனியாண்டிக்கு யாரோ நேர்த்திக்கடன் வைத்திருக்கிறார்கள் என்று பயந்து, கும்பிட்டு, துன்னூறு பூசிக்கொண்டு எடுத்துப் போவார்களாம். "முனிதான் எங்களுக்குக் கெழங்கு குடுத்துச்சு." நான் அதைச் சாமிக்கதை என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். சீயா சொன்னார், விற்க முடியாத சின்னக் கிழங்கை அவருடைய அம்மா இருட்டோடு கொண்டுபோய் அந்தக் கல்லில் கொட்டிவிட்டு வருவாராம். கையில் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்பாராம்.

இதைப் பெரியாயியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த அம்மா இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். ஐம்பது வருஷம் ஒரே கதையின் இரண்டு பாதி இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்திருக்கிறது. அதிலிருந்து எந்தக் கதையையும் ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடித்துவிடுவதில்லை. சாமிக்கதை என்று எதையும் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுவதும் இல்லை.

எல்லாவற்றையும் எழுதவும் முடியாது. 83 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றி ஒரு தாத்தாவிடம் கேட்டேன். பதுளையில் கடைகள் எரிந்த நாளில் அவர் டவுனில் இருந்தவர். போனை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். பேசினார், நிறையப் பேசினார். நான் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டேன். அதில் ஒரு வரிகூட எங்கேயும் எழுதவில்லை. சில பேர் சொல்வது நாம் வைத்துக்கொள்வதற்காக அல்ல, அவர்கள் இறக்கி வைப்பதற்காக. அந்த வேறுபாடு ஆளின் கையைப் பார்த்தால் தெரியும்.

புதைகாட்டை மறந்துவிடக் கூடாது. எங்கள் பொணக்காட்டில் கல் வைத்துக் கட்டிய குழிகள் விரல் விட்டு எண்ணலாம். கங்காணி வீட்டாருடையவை. மற்றதெல்லாம் மண்மேடும் பூச்செடியும்தான். எந்தச் செடி யாருக்கு என்று தெரிந்தவர்களை ஒரு தடவை கூட்டிப் போய், வரைபடம் போட்டு வைத்தால் போதும். அரை நாள் வேலை.

மாமாவின் பாஸ்போர்ட்டில் இருந்த பேரை வைத்து, நுவரெலியா மாவட்டத்தில் புதிதாகத் தேடல் விண்ணப்பம் கொடுத்தேன். அம்மாவின் பேரை நாலு விதமான இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். தாத்தாவின் பேரையும் அப்படியே. மாமாவின் பிறந்த தேதியைக் குறிப்பிட்டு, அதற்கு முந்தின மூன்று வருஷத்தைத் தேடச் சொன்னேன். தோட்டத்துப் பிறப்புகளைத் துரைதான் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்தக் காலச் சட்டம். அதனால் துரையோ கிளாக்கரோ காதில் விழுந்தபடிதான் பேர் இருக்கும். இதை நான் இப்போது எல்லாருக்கும் செய்து கொடுக்கிறேன், பல பேருக்குக் கிடைத்தும் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து வந்தது. அம்மாவின் பேரில் ஒரு எழுத்து மாறி, தாத்தாவின் பேரில் இரண்டு எழுத்து மாறி. தேதி இருந்தது. அம்மா நினைத்துக்கொண்டிருந்ததைவிட ஒரு வயது குறைவு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அந்த இல்லாத தோட்டத்தின் பேர். நான் வாசிக்க வாசிக்க அம்மா கடதாசியைத் தொடாமல் பக்கத்தில் நின்றார். கை ஈரம் என்று சொன்னார். ஈரமில்லை. தாத்தா பேரை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கல்லடிக்குப் போனோம். பனி இறங்கவில்லை, நல்ல வெயில். அம்மா அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மாமாவுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்தேன். அம்மா எழுந்த பிறகு கல்லை மட்டும் கிட்டப் போய் இன்னொன்று எடுத்தேன், தடங்கள் தெரிகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கூடலூரிலிருந்து குரல் செய்தி வந்திருந்தது. அம்மா போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு கேட்டார். பிறகு எனக்கும் போட்டுக் காட்டினார். மாமாவின் குரல் கரகரத்தது.

"அக்கா, அந்தக் கடேசித் தடம் பாத்தியா, எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கே. அது அப்பா தீட்டுனது. நம்ம மலையில எடதுகைக்காரரு அவரு ஒருத்தர்தான்."